மனோதர்மமும் இட்டுக்கட்டும்: நடிகர் வாயில் வரும் சொல் யாருடையது?



இந்த நினைவுச் சொற்பொழிவை வழக்கமாக ஒருவர் எழுதி அவரே வாசிப்பார். இம்முறை எங்கள் நாடகக் குழுவை அழைத்துவிட்டீர்கள். ஆறு பேர் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி எழுதிய உரை இது. வாசிக்கும் குரல் ஒன்றுதான். இருந்தாலும் 'நாங்கள்' என்றே சொல்லப் போகிறோம்.

எடுத்துக்கொண்ட பொருள் நடிப்பு. அதிலும் ஒரு சிறு பகுதி. யதார்த்தப் படங்களில், எழுதி வைத்த வசனத்தை ஒப்பிக்காமல், நடிகர்கள் இயக்குநரோடு சேர்ந்து தாங்களே காட்சியையும் பேச்சையும் கண்டுபிடிக்கும் முறை. இலக்கிய அரங்கில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு சொல்லை யார் உண்டாக்கினார், யார் பெயரில் அது அச்சாகிறது, யாருக்குக் கூலி போகிறது என்பது இந்த அரங்கு தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வரும் கேள்வி. நாங்கள் அதையே படப்பிடிப்புத் தளத்தில் நின்று கேட்கிறோம்.

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். சபாவில் ஒருவர் ராகத்தை முன்தயாரிப்பில்லாமல் விரித்துப் பாடினால் அதற்கு 'மனோதர்மம்' என்று பெயர். மனமும் உண்டு, தர்மமும் உண்டு. கூத்தில் கட்டியங்காரன் அன்றைக்கு ஊரில் நடந்ததை அந்த நொடியில் கதைக்குள் இழுத்துப் பேசினால் 'வாய்க்கு வந்ததைப் பேசுகிறான்' என்பார்கள். நம் அம்மாக்கள் வயலில் பாட்டுக் கட்டினால் 'இட்டுக்கட்டிப் பாடுறா'. அதே 'இட்டுக்கட்டு'தான் பொய் சொல்வதற்கும் பெயர். ஒரே செயல். மேடை மாறினால் தர்மம், இடம் மாறினால் பொய். மொழிக்குள்ளேயே ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிறது.

ஒப்பாரியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். மெட்டு பழையது, விளிக்கும் சொற்கள் பழையவை. செத்துப்போனவர் எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார், யார் வந்து பார்க்கவில்லை, எந்தக் கடன் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் பெண் அங்கேயே கட்டுவது. நாலு வரிக்குள் ஒரு குடும்பத்தின் வழக்கை வைத்துவிடுவார். பங்காளி முகத்தைப் பார்த்துக்கொண்டே வைப்பார். பிணத்துக்கு முன்னால் நின்று அதைச் செய்வதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! ஊர் அதைப் பயிற்சி என்று ஒப்புக்கொண்டதில்லை. 'அவளுக்குத் தானா வருது' என்று முடித்துவிடும். பறையடிக்கும் தோழரிடம் 'உங்களுக்கெல்லாம் ரத்தத்திலேயே இருக்குப்பா' என்று சொல்வதும் இதே வகை. பாராட்டு மாதிரிதான் கேட்கும். ஆனால் ரத்தத்தில் இருப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, பார்த்தீர்களா.

சினிமா விமர்சனத்தில் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: 'நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்.' பெரிய நட்சத்திரத்துக்கு இதைச் சொன்னால் அவருடைய உழைப்பின் உச்சத்தைச் சொல்வதாகப் பொருள். சேரியிலிருந்து வந்து முதல் படத்தில் நிற்பவருக்குச் சொன்னால் அவர் ஒன்றும் செய்யவில்லை, அப்படியே இருந்தார், கேமராதான் எடுத்துக்கொண்டது என்று பொருள். எங்கள் உரை முழுதும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டப் போகிறது.

இனி ஒரு வெளியூர்க்காரரிடம் போவோம். இங்கிலாந்தின் மைக் லீ. 1943இல் பிறந்தவர், முதல் படம் 1971இல் வந்தது. நடிகர்களோடு சேர்ந்து கண்டுபிடிக்கும் முறையை இவர் அளவுக்குக் கறாராக வைத்துக்கொண்டவர்கள் குறைவு. படம் தொடங்கும்போது அவரிடம் திரைக்கதை இருக்காது. கதைச் சுருக்கம்கூட இருக்காது. நடிகர்கள் ஒப்புக்கொண்டு வரும்போது தாங்கள் யாராக நடிக்கப் போகிறோம் என்பதே தெரியாது. ஒவ்வொரு நடிகரையும் தனியாக அழைத்து உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையில் உண்மையாக அறிந்த மனிதர்களைப் பற்றிப் பேசச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர், தூரத்து அத்தை என்று பட்டியல் நீளும். அதிலிருந்து ஒருவரையோ இருவரைக் கலந்தோ எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் பிறப்பிலிருந்து வாழ்க்கையைக் கட்டத் தொடங்குவார்கள். எந்தப் பள்ளி, முதல் வேலை என்ன, வாடகை எவ்வளவு என்று போகும். பாத்திரம் பார்க்கும் தொழிலை நடிகர் நேரில் போய்க் கற்றுக்கொள்வார்.

பிறகு இரு பாத்திரங்கள் சந்திப்பார்கள். மணிக்கணக்கில் அந்த ஆட்களாகவே இருப்பார்கள், பேசுவார்கள், சும்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். இதில் இரண்டு விதிகள் முக்கியம். ஒன்று, பாத்திரத்துக்குத் தெரிந்தது மட்டுமே நடிகருக்குத் தெரிய வேண்டும். மற்றொன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒத்திகை முடிந்து வெளியே வந்ததும் பாத்திரத்தைப் பற்றி 'நான்' என்று பேசக்கூடாது. 'அவள் அப்படிச் சொன்னாள், அவளுக்குக் கோபம் வந்தது' என்றுதான் பேச வேண்டும். உள்ளே போகத் தெரிந்தால் போதாது, வெளியே வரவும் தெரிய வேண்டும் என்பதை இலக்கணத்திலேயே கட்டிவைத்திருக்கிறார். மாதக்கணக்கில் இப்படிப் போகும். கடைசியில் காட்சிகளைத் தேர்ந்து, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்து, சொற்களை உறுதிப்படுத்திய பிறகே கேமரா வரும். கேமரா முன்னால் அநேகமாக யாரும் புதிதாக எதையும் இட்டுக்கட்டுவதில்லை. பார்க்கும் நமக்கோ எல்லாம் அந்த நொடியில் நடப்பது போலத் தெரிகிறது.

'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' என்ற படம் 1996இல் வந்தது, கான் விழாவில் தங்கப் பனை வென்றது. பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட ஹார்டென்ஸ் என்ற கறுப்பினப் பெண், வளர்ந்து படித்துக் கண்ணாடிப் பரிசோதகராக வேலை பார்ப்பவள், தன்னைப் பெற்ற தாயைத் தேடிப் போகிறாள். தாய் சிந்தியா ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளி. சிந்தியாவாக நடித்த பிரெண்டா பிளெதினுக்கு, தன் மகளாக வரப்போகிறவர் கறுப்பினத்தவர் என்பது ஒத்திகையில் அவரைச் சந்திக்கும் வரை தெரியாது. அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த தேநீர்க்கடைக் காட்சி படத்தில் ஒரே ஷாட்டாக ஏழெட்டு நிமிடம் ஓடுகிறது. இரு பெண்களும் ஒரே பக்கமாக அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா அசையாது. ஏதோ தவறு நடந்திருக்கிறது, நான் உன் தாயாக இருக்க முடியாது என்று சிந்தியா சொல்லிக்கொண்டே போகிறாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எப்போதோ புதைத்த ஒரு நினைவு மேலே வருகிறது. முகம் உடைகிறது. என்ன நினைவு என்று அவள் சொல்வதில்லை. பக்கத்தில் ஹார்டென்ஸாக இருக்கும் மரியான் ஜான்-பாப்டிஸ்ட் ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். தன் பிறப்பே ஒருத்தியை அழவைப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி என்று அவர் அறிந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இவர்தான் அந்தக் காட்சியின் நாயகி. மீதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பிரிட்டன் நடிகை அவர். ஆனால் 1997இல் கான் விழாவின் ஐம்பதாம் ஆண்டுக்குப் பிரிட்டன் தன் இளம் நடிகர்களைக் கூட்டிப்போனபோது அவரை அழைக்கவில்லை. அவர் அதை நிற வேற்றுமை என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு வேலை தேடி அமெரிக்கா போனார். மைக் லீயின் படத்தில் மறுபடி மையப் பாத்திரமாக அவரைப் பார்க்க 2024இல் 'ஹார்ட் ட்ரூத்ஸ்' வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மைக் லீயைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் நாங்கள் தயாராக இல்லை. அவருடைய தொடக்ககால ஆக்கங்களில் 'உருவாக்கி இயக்கியவர்' என்று பெயர் போட்டுக்கொண்டார். பின்னாளில் அது 'எழுதி இயக்கியவர்' ஆனது. மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குப் பலமுறை வந்தது. தனி ஒருவர் பெயரில் வந்தது. தேர்ந்தெடுப்பதும் கோப்பதும் எழுத்துதான், மறுக்கவில்லை. தேநீர்க்கடையில் அந்தத் தடுமாற்றத்தை முதலில் கண்டெடுத்த வாய்க்கு எழுத்தில் பங்கு உண்டா இல்லையா? அங்கே நடிகர்கள் தங்களுக்குள் இதைப் பெரிய சண்டையாக எடுத்துக்கொண்டதில்லை. மாதக்கணக்கான ஒத்திகைக்குச் சம்பளம் உண்டு, சங்கம் உண்டு, அடுத்த வாய்ப்பும் உண்டு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அவை எதுவும் இல்லாத இடத்தில்தான் கேள்வி கூர்மையாகிறது.

இடையில் ஒரு குறிப்பு. 1959இல் வந்த ஜான் கசாவெட்டஸின் 'ஷேடோஸ்' முடியும்போது, நீங்கள் பார்த்தது முன்னேற்பாடில்லாமல் உருவானது என்ற பொருளில் ஓர் எழுத்து திரையில் வரும். உண்மையில் முதல் வடிவத்துக்குப் பிறகு எழுதிவைத்த காட்சிகளைக் கொண்டு பெரும்பகுதி மறுபடி எடுக்கப்பட்டது. நிறம் பற்றிய அந்தப் படத்தில், வெளிர்நிறம் கொண்ட கறுப்பினத் தங்கையாக நடித்தவர் கறுப்பினத்தவர் அல்ல. 'தன்னியல்பு' என்று யாராவது விளம்பரம் செய்தால் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

கென் லோச் நம் தோழர்களுக்கு நன்கு அறிமுகமானவர். இடதுசாரி, தொழிலாளி வர்க்கத்தின் இயக்குநர். கதை நடக்கும் வரிசையிலேயே படம் எடுப்பவர், நடிகர்களுக்குக் காட்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகவே தருபவர். 1969இல் வந்த 'கெஸ்' படத்தை யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில், அவ்வூர்ப் பள்ளிப் பையன்களை வைத்தே எடுத்தார். வல்லூறு வளர்க்கும் பில்லியாக டேவிட் பிராட்லி என்ற சிறுவன். தலைமையாசிரியராக வந்தவர் உண்மையிலேயே தலைமையாசிரியர். அதில் பையன்களைக் கையில் பிரம்பால் அடிக்கும் காட்சி ஒன்று உண்டு. உண்மையாகவே அடி விழப்போகிறது என்று பையன்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அடி விழுந்தது. தவறே செய்யாமல், யாரோ கொடுத்த தகவலைச் சொல்ல வந்து மாட்டிக்கொள்ளும் சின்னப் பையன் திரையில் அழுவது நிஜ அழுகை. பிறகு அவர்களுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தார்கள். கடைசியில் செத்துக் கிடக்கும் பறவை, தான் பழக்கி வளர்த்த பறவைதான் என்று டேவிட்டையும் நம்பவைத்தார்கள். அது வேறு ஒரு செத்த பறவை.

'கெஸ்' மகத்தான படம். ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் எப்படிச் சுரங்கத்துக்கென்று தயார் செய்கிறது என்பதை அதைவிட நேர்மையாகச் சொன்ன படம் எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. பிரெண்டா பிளெதினுக்கும் ஒரு விஷயம் மறைக்கப்பட்டது. ஆனால் அவர் வளர்ந்தவர். மறைப்பதுதான் இங்கே முறை என்று அறிந்து ஒப்புக்கொண்டு வந்தவர். எழுந்து போக அவருக்கு வாசல் திறந்திருந்தது. பார்ன்ஸ்லிப் பையனுக்கு அந்த வாசல் எங்கே? பள்ளியில் அவனை அடிக்கும் கை எதுவோ, படத்திலும் அதே மாதிரிக் கைதான் அடித்தது. பிரம்படி பட்டறியாத வீட்டுப் பிள்ளை என்றால் முன்கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம். 'நிஜமான உணர்ச்சி வேண்டும்' என்று இயக்குநர் சொல்லும்போது, யாருடைய உடம்பிலிருந்து அது எடுக்கப்படுகிறது என்று கேளுங்கள்.

அதே லோச் 1995இல் 'லேண்ட் அண்ட் ஃப்ரீடம்' எடுத்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர். விடுவிக்கப்பட்ட கிராமத்தில், பண்ணையார் நிலத்தைப் பொதுவாக்குவதா, அவரவர் பாட்டைப் பார்ப்பதா என்று ஊர் கூடி விவாதிக்கிறது. பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் காட்சி. அதில் நடிகர்களோடு உள்ளூர் மக்களும் இருந்தார்கள், அவர்கள் உண்மையாகவே வாதாடினார்கள். அங்கே மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது கண்ணீர் அல்ல, கருத்து. வலியை மட்டும் கேட்காமல் அபிப்பிராயத்தையும் கேட்கும் கேமரா வேறு மாதிரி நிற்கிறது. நிலம் பற்றிய கூட்டங்களில் பேசிப் பழகிய நம் தோழர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தால், குறுக்கே புகுந்து பேசத் தோன்றும்.

இப்போது நம் பக்கம் வருவோம். சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்'. 2014இல் வெனிஸ் விழாவில் விருது பெற்றது, இங்கே சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. நாராயண் காம்ப்ளே என்ற வயதான தலித் மக்கள் பாடகர் மேடையிலேயே கைது செய்யப்படுகிறார். சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகும்படி அவர் ஒரு பாட்டில் பாடினாராம், அதைக் கேட்டு வாசுதேவ் பவார் என்ற தொழிலாளி தற்கொலை செய்துகொண்டாராம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் குழிக்குள் இறக்கியவர்கள் மீது வழக்கு இல்லை. பாடியவர் மீது வழக்கு.

காம்ப்ளேவாக நடித்தவர் வீரா சாதிதார். நாக்பூரைச் சேர்ந்த அம்பேத்கரிய இயக்கத் தோழர், 'வித்ரோஹி' இதழின் ஆசிரியர். 2021 ஏப்ரலில் கொரோனாவில் இறந்துபோனார். அவர் தொழில்முறை நடிகர் அல்ல. ஆனால் அவர் திரையில் 'வாழ்ந்தார்' என்று சொன்னால் நாங்கள் சம்மதிக்க மாட்டோம். படத்தைப் பாருங்கள். நீதிமன்றத்தில் காம்ப்ளே பெரும்பாலும் பேசுவதே இல்லை. சும்மா நிற்கிறார். அரசு என்னும் இயந்திரத்தின் முன்னால் எப்படி நிற்பது, எதற்கு வாய் திறப்பது, எதற்குத் திறக்காமல் இருப்பது என்பது பல்லாண்டு இயக்க வாழ்வில் கற்ற கலை. தொழில்முறை நடிகருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை மாதம் ஆகும்!

படத்தில் இறந்தவரின் மனைவி சர்மிளா பவாராக வருபவர் உஷா பானே. அவருடைய கணவரும் சாக்கடைத் தொழிலாளியாக இருந்து இறந்தவர். கூண்டில் ஏறி அவர் சொல்வதில் பல விவரங்கள் அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்தவை. இறங்குவதற்கு முன் கணவர் குழிக்குள் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பார் என்கிறார். கரப்பான் வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். நாற்றம் தாங்க முடியாமல் குடித்துவிட்டு இறங்குவார் என்கிறார். ஒரு கண் போய்விட்டது என்கிறார். அழவில்லை. குரல் உயரவில்லை. வயதைக் கேட்டால் வயதைச் சொல்வது போலவே கரப்பானையும் சொல்கிறார்.

இந்தப் படம் தளத்தில் இட்டுக்கட்டி எடுத்ததல்ல. நேர்மாறாக, தம்ஹானே ஒரு காட்சியை முப்பது நாற்பது முறைகூடத் திரும்ப எடுப்பவர். அதன் பொருளை நினைத்துப் பாருங்கள். தன் துயரத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஒரு காட்சியை அத்தனை முறை சொல்லி, ஒவ்வொரு முறையும் அதே அளவில், அதே அடங்கிய குரலில் வைத்திருப்பதற்கு என்ன பெயர்? அது நடிப்பு. சுத்தமான, கடினமான நடிப்பு. அந்தக் கரப்பானை எந்தத் திரைக்கதைப் பயிலரங்கிலும் உட்கார்ந்து யாரும் யோசித்திருக்க முடியாது என்பதும் கூடவே நிற்கட்டும். அது ஒரு சாதிக்கு மட்டும் கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட விஞ்ஞானம். உஷா பானே அங்கே நடிகரும் ஆவார், எழுத்தாளரும் ஆவார். பாதியைத்தான் பெயர்ப் பட்டியல் சொல்கிறது.

மராத்தியிலேயே நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யையும் நினைக்க வேண்டும். ஜப்யாவாக வரும் சோம்நாத் அவ்கடே கிராமத்தில் ஹல்கி வாசித்துக்கொண்டிருந்த சிறுவன். நம் பறைக்கு உறவான கருவி அது. பன்றியைத் துரத்தும் நேரத்தில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்க, குடும்பமே ஆடாமல் நிற்கும் காட்சியில் அந்தப் பையனின் உடம்பில் தெரியும் தாளக்கட்டு, ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தத் தெரிந்த கலைஞனுடையது என்று எங்களுக்குப் படுகிறது.

தமிழில் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தபோது பரியனின் தந்தையாக வந்த நெல்லை தங்கராசுவைப் பார்த்து எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். வேட்டியை உருவி அவரை ஓடவிடும் காட்சியைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார்கள். அந்த மனிதர் பல ஆண்டுகள் பெண் வேடம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். பார்வையாளர் கூட்டத்தை விடியும்வரை கட்டிப்போடத் தெரிந்தவர். அந்தப் படத்தில் நின்றவர்களிலேயே அதிக மேடை அனுபவம் அவருக்கு இருந்திருக்கலாம். படம் வந்து ஓடி விருதுகள் வாங்கிய பிறகும் அவர் குடியிருந்த வீட்டின் நிலைமை செய்தியாக வந்தது. 2023இல் காலமானார்.

இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் கைப்பேசியில் குறும்படம் எடுக்கிறீர்கள். நல்லது, எடுங்கள். உங்கள் தெருவில் உங்கள் அத்தையையும் சித்தப்பாவையும் வைத்துத்தான் எடுப்பீர்கள். எங்கள் ஒத்திகைகளில் நாங்கள் கடைப்பிடிப்பதைச் சொல்கிறோம், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பேசும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கு வைக்கிறோம். அன்றைக்குக் கூலி வேலையை விட்டு வருகிறவருக்கு அந்தக் கூலியாவது கிடைக்க வேண்டும். படம் எடுப்பவர் உறவுக்காரப் பையன் என்பதற்காக அது தள்ளுபடி ஆகாது. அவருடைய சொந்த இழப்பைக் காட்சியாகக் கேட்பதற்கு முன்னால், அவருக்குத் தெரிந்த வேறொருவரின் கதையிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். முடிந்ததும் 'அவள்', 'அவர்' என்றே பேசவைக்கிறோம். முதலில் சிரிப்பார்கள், பிறகு அதுதான் அவர்களை வீட்டுக்கு நிம்மதியாக அனுப்புகிறது. எடுத்ததைத் தொகுத்து முடிப்பதற்கு முன்னால் அவரிடம் காட்டுகிறோம். இது வேண்டாம் என்றால் அந்தத் துண்டு போய்விடும். நல்ல துண்டாக இருந்தால் வயிறு எரியும்தான். அவர் சொல்லில் பிறந்த வசனம் என்றால் எழுத்து என்ற இடத்தில் அவர் பெயரும் வரும்.

திருவிழா நடத்துகிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எழுதியவர் என்று ஏன் ஆறு பெயர், ஒன்றாகச் சுருக்கிக் கொடுங்கள் என்று விண்ணப்பப் படிவமே சொல்லும். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

உரை இவ்வளவுதான். 'கோர்ட்' படத்தின் சாட்சிக் கூண்டுக் காட்சியையும் அதற்கு அடுத்ததையும் இப்போது திரையிடச் சொல்லியிருக்கிறோம். அடுத்ததில் எதிர்த்தரப்பு வக்கீல் சர்மிளாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். பணம் கொடுக்கப் பார்க்கிறார். அவர் வாங்க மாட்டார். ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்பார். வசனம் மராத்தியில்தான் இருக்கும், தமிழாக்கத் தாள் பின்வரிசை வரை வந்திருக்கிறதா பாருங்கள். விளக்கை அணைக்கலாம் தோழர்.